தொழில்முனைவு ஆசிரியர்களுக்குப் பயிற்சி: முதல் நாளே அவர்களைத் தெருவுக்கு அனுப்புங்கள்

நம் ஊர்க் கல்லூரிகளில் தொழில்முனைவுப் பாடம் எப்படி நடக்கிறது என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு செமஸ்டர், ஐந்து யூனிட். முதல் யூனிட்டில் தொழில்முனைவோரின் குணங்கள், கடைசி யூனிட்டில் அரசுத் திட்டங்களின் பெயர்கள், நடுவில் திட்ட அறிக்கை எழுதுவது எப்படி என்று கொஞ்சம், தேர்வில் 13 மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டுரை. பாடத்தை எடுப்பவர் பெரும்பாலும் அந்த செமஸ்டரில் ஒர்க்லோடு குறைவாக இருந்த உதவிப் பேராசிரியர். அவரைக் குறை சொல்ல முடியாது. எம்.இ. முடித்து, பிஎச்.டி. முடித்து, நேராக வகுப்பறைக்கு வந்தவர் அவர். முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரு பொருளை நீட்டிக் காசு கேட்கும் சந்தர்ப்பம் அவருக்கு வாழ்க்கையில் வந்ததே இல்லை. அவருக்கு நாம் கொடுக்கும் பயிற்சியிலும் அது வருவதில்லை: எஃப்டிபி என்ற ஐந்து நாள் ஆசிரியர் பயிற்சி முகாம், ஏசி செமினார் ஹால், காலையில் ஒரு விருந்தினர், மதியம் ஒரு விருந்தினர், கடைசி நாள் சான்றிதழும் குரூப் போட்டோவும்.

இந்தக் குறிப்பை அப்படிப்பட்ட பயிற்சியை ஏற்பாடு செய்கிறவர்களுக்காக எழுதுகிறேன்: கல்லூரித் தொழில்முனைவு மையமான ஈடிசியின் ஒருங்கிணைப்பாளர்கள், கல்லூரிப் புத்தாக்கக் குழுவான ஐஐசியின் பொறுப்பாளர்கள், உண்மையிலேயே அக்கறை உள்ள கல்லூரி முதல்வர்கள். மாணவர் எதைச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறோமோ, அதை ஆசிரியர் முதலில் தானே செய்து பார்க்க வேண்டும். வாடிக்கையாளரைத் தேடிப் போக வேண்டும், 'வேண்டாம்' என்று கேட்க வேண்டும், கணக்கு உதைப்பதைப் பார்க்க வேண்டும், யோசனையை மாற்ற வேண்டும். இதெல்லாம் இல்லாமல் எத்தனை ஸ்லைடு காட்டினாலும் அவர் வகுப்பு மாறாது.

இது புது யோசனையும் இல்லை. 1964-ல் டேவிட் மெக்லெலண்ட் என்ற ஹார்வர்டு உளவியலாளர் ஆந்திராவின் காக்கிநாடாவில் இருந்த சிறு வியாபாரிகளுக்கு, ஹைதராபாத்தில் அப்போது எஸ்ஐஇடி என்று இருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்தோடு சேர்ந்து பயிற்சி கொடுத்தார். சாதிக்க வேண்டும் என்கிற உந்துதலைப் பயிற்சியால் கூட்ட முடியுமா என்பதுதான் அவர் கேள்வி. விளையாட்டுகள் வழியாகவும் தாங்களே இலக்கு வைத்துக்கொள்வதன் வழியாகவும் அந்தப் பயிற்சி நடந்தது. அமெரிக்காவில் பாப்சன் கல்லூரி 1984-லேயே ஆசிரியரையும் தொழில் நடத்துபவரையும் ஜோடியாக உட்கார வைத்துப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தது. 2011-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை ஐ-கோர் என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, ஆராய்ச்சிப் பேராசிரியர், அவருடைய மாணவர், தொழில் அனுபவம் உள்ள வழிகாட்டி என்று மூன்று பேரை ஒரு அணியாக்கி, ஏழு வாரத்துக்குள் 100 வாடிக்கையாளர்களிடம் நேரில் பேசி வாருங்கள் என்று அனுப்பியது. பேராசிரியருக்கு விலக்கு கிடையாது. அந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு அந்தத் திட்டம் பிடிக்கும்.

யாரைக் கூப்பிடுவது

'ஒரு கல்லூரிக்கு ஒருவரை அனுப்பவும்' என்று சர்க்குலர் போட்டால் அன்று வகுப்பு இல்லாதவர் வருவார். ஒரு கல்லூரியிலிருந்து இரண்டு பேர் என்று கேளுங்கள், அதுவும் வேறு வேறு துறையிலிருந்து. தனியாகத் திரும்பிப் போகிற ஆசிரியரின் ஆர்வம் ஹெச்ஓடி அறையைத் தாண்டுவதற்குள் வடிந்துவிடும். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் தளர்ந்தால் இன்னொருவர் இழுத்துக்கொண்டு போவார். மேலாண்மைத் துறைக்காரர்களை மட்டும் கூப்பிடாதீர்கள். வணிகவியல் ஆசிரியருக்குக் கணக்கு தெரியும், உணவு அறிவியல் ஆசிரியருக்குப் பொருள் எத்தனை நாள் தாங்கும் என்று தெரியும், மெக்கானிக்கல் துறையின் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டருக்கு ஒரு பாகத்தை எங்கே, என்ன விலைக்குச் செய்யலாம் என்று தெரியும். இவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தால் பாதிப் பாடம் தானாக நடக்கும்.

வருவதற்கு முன்பே ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்: 'இந்தப் பாடத்தை எடுக்கும்போது எந்த இடத்தில் மாணவர்கள் போனைப் பார்க்க ஆரம்பிக்கிறார்கள்?' இதற்கு நேர்மையாகப் பதில் எழுதுகிறவர்களைத் தேர்ந்தெடுங்கள். பதவி, வயது, எத்தனை கட்டுரை வெளியிட்டார் என்பதெல்லாம் இங்கே உதவாது.

அப்புறம் நாள் கணக்கு. தொடர்ச்சியாக ஐந்து நாள் வேண்டாம். ஆரம்பத்தில் இரண்டு நாள், பிறகு செமஸ்டர் ஓடும்போதே பதினைந்து நாளுக்கு ஒரு சனிக்கிழமை, கடைசியில் ஒரு நாள். இடைப்பட்ட வாரங்களில் அவர்கள் தங்கள் வகுப்பில் செய்து பார்த்து, என்ன நடந்தது என்று கொண்டுவர வேண்டும். செய்து பார்க்க இடைவெளி இல்லாத பயிற்சியில் கேட்டது கேட்டதாகவே நின்றுவிடும்.

முதல் நாள்: மதியத்துக்குள் வெளியே

வரவேற்புரை, குத்துவிளக்கு எல்லாம் பத்து நிமிடத்தில் முடியட்டும். மூன்று மூன்று பேராகப் பிரித்து ஒவ்வொரு அணிக்கும் ஒரு கவரில் 500 ரூபாய் கொடுங்கள். மாலை நாலரைக்குள் அதை வைத்தோ வைக்காமலோ, முன்பின் தெரியாதவர்களிடமிருந்து காசு சம்பாதித்து வர வேண்டும். சொந்தக்காரர், தங்கள் மாணவர், தங்கள் கல்லூரி ஊழியர் யாரிடமும் விற்கக் கூடாது. நன்கொடை கேட்கக் கூடாது. சட்டத்துக்குப் புறம்பாக எதுவும் கூடாது. அவ்வளவுதான் விதி.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டீனா சீலிக் என்ற ஆசிரியர் தன் மாணவர்களுக்கு 5 டாலரும் இரண்டு மணி நேரமும் கொடுத்து வைத்த பயிற்சிதான் இதற்கு மூலம். அங்கே ஒரு அணி வளாகத்தில் சைக்கிள் டயருக்குக் காற்று அளவு பார்த்துக் கொடுத்தது. காற்றடிக்க முதலில் ஒரு டாலர் கட்டணம் வைத்தார்கள், பிறகு 'விருப்பமானதைக் கொடுங்கள்' என்று மாற்றியதும் வருமானம் எகிறியது. அதிகம் சம்பாதித்த அணி அந்த 5 டாலரைத் தொடவே இல்லை. வகுப்பில் தங்களுக்குக் கிடைத்த மூன்று நிமிடப் பேச்சு நேரத்தை, அந்த மாணவர்களை வேலைக்கு எடுக்க விரும்பிய ஒரு நிறுவனத்துக்கு 650 டாலருக்கு விற்றுவிட்டது. முதலீடு இல்லை என்பதுதான் தடை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. ஆனால் இந்தக் கதையைக் காலையில் சொல்லாதீர்கள், மாலையில் அவர்கள் திரும்பி வந்த பிறகு சொல்லுங்கள். முன்பே சொன்னால் எல்லோரும் அதையே நகல் எடுப்பார்கள்.

நம் ஊரில் ஆசிரியர்கள் வழக்கமாகப் போவது பழக்கடை, மோர், ஸ்டேஷனரி இந்தப் பக்கம்தான். சில அணிகள் யோசித்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்காரருக்கு யூபிஐ ஸ்டாண்டு வைத்துக் கொடுப்பது, தெரு முனையில் நின்று விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது என்று சேவைக்குப் போவார்கள். எதை விற்றார்கள், எவ்வளவு வந்தது என்பது முக்கியமே இல்லை. அவர்கள் நின்ற இடம்தான் முக்கியம். இருபது வருடம் மேடையில் நின்று பேசி, எதிரே இருப்பவர் கேட்டே ஆக வேண்டும் என்ற நிலையில் வாழ்ந்தவர் அன்றைக்குத்தான் முதல்முறையாக, கேட்காமலே நடந்துபோகும் ஆளைப் பார்க்கிறார். காசு என்ற வார்த்தையைச் சொல்லும்போது குரல் இறங்குவதைக் கவனிக்கிறார். விலையைச் சொன்ன கையோடு, யாரும் கேட்காமலே குறைக்கிறார்.

அதனால் மாலை உரையாடலுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், இதில் சுருக்க வேண்டாம். 'எவ்வளவு லாபம்?' என்று ஆரம்பிக்காமல் இப்படிக் கேளுங்கள்: கிளம்புவதற்கு முன் எவ்வளவு நேரம் உள்ளே உட்கார்ந்து திட்டம் போட்டீர்கள்? முதல் ஆளிடம் பேச எது தடுத்தது? யார் வாங்குவார் என்று நினைத்தீர்கள், யார் வாங்கினார்? எந்த நிமிடத்தில் திட்டத்தை மாற்றினீர்கள்? உங்கள் மாணவர் நாளை இதே இடத்தில் நின்றால் அவருக்கு என்ன வேண்டியிருக்கும்? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்களைச் சார்ட்டில் எழுதி ஒட்டி வையுங்கள். பயிற்சி முழுக்க அந்தச் சார்ட்தான் பாடத்திட்டம்.

கேள்வி கேட்கக் கற்பது

நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இந்தப் பகுதியில்தான். மாணவர் திட்டங்கள் பெரும்பாலும் சாகிற இடம் இது.

மாணவர்கள் சந்தை ஆய்வு என்று செய்வது ஒரு கூகுள் ஃபார்ம். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, நண்பர்கள் நூறு பேர் நிரப்பி, '87 சதவீதம் பேர் இந்த ஆப்பைப் பயன்படுத்துவோம் என்றார்கள்' என்று ஸ்லைடில் ஒரு வட்ட வரைபடம். ஆசிரியரும் அதை ஏற்றுக்கொள்கிறார், ஏனென்றால் அவருடைய ஆராய்ச்சியிலும் கேள்வித்தாள்தான் ஆதாரம்.

கோவை அருணாசலம் முருகானந்தத்தின் கதையை இந்த இடத்தில் எடுங்கள். குறைந்த விலை நாப்கின் செய்யும் முயற்சியில் அவர் மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் நாப்கினைக் கொடுத்து, கருத்துப் படிவமும் கொடுத்தார். படிவத்தை வாங்கப் போனபோது மூன்று பேர் உட்கார்ந்து எல்லோருடைய படிவத்தையும் தாங்களே நிரப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அந்தத் தரவை நம்ப முடியாது என்று முடிவு செய்து, தன் உடம்பிலேயே சோதிக்கும் ஏற்பாட்டுக்குப் போனார். நம் வகுப்புகளில் வரும் வட்ட வரைபடங்களில் எத்தனை அந்த மூன்று பேர் நிரப்பியவை என்று ஆசிரியர்கள் யோசிக்கட்டும்.

பிறகு ஒரு சூழ்நிலையைக் கொடுத்துப் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். காவிரி டெல்டாவுக்கு ஏற்ற ஒன்றைச் சொல்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர் அணி, நெல்லின் ஈரப்பதத்தைக் காட்டும் மலிவான கருவி செய்யப் போகிறோம் என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுக்க மாட்டார்கள், மழை நேரத்தில் தளர்வு கேட்டு மாநில அரசு ஒன்றிய அரசுக்கு எழுதுவது வழக்கமாகிவிட்டது. பிரச்சினை நிஜம். சென்சார், சர்க்யூட் எல்லாம் மாணவர்களால் செய்ய முடியும். நம் ஆசிரியர்கள் உடனே சென்சாரின் துல்லியத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். அதை நிறுத்துங்கள்.

மூன்று பேராக உட்காரட்டும்: ஒருவர் விவசாயி, ஒருவர் மாணவர், ஒருவர் கவனிப்பவர். மாணவர் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: 'ஐயா, ஈரப்பதம் பார்க்க ஒரு கருவி கம்மி விலையில் வந்தால் வாங்குவீங்களா?' விவசாயி, 'வந்தா நல்லதுதான் தம்பி' என்பார். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள், எதிரே நிற்கும் பிள்ளையின் மனம் நோகக் கூடாதே. இந்தப் பதிலுக்கு மதிப்பே இல்லை என்பது ஆசிரியருக்குத் தெரிய வேண்டும்.

இப்போது கேள்வியை மாற்றச் சொல்லுங்கள். 'போன அறுவடையில் நெல்லை எங்கே போட்டீங்க? எத்தனை நாள் காத்திருந்தீங்க? திருப்பி அனுப்பினாங்களா? அப்புறம் என்ன செஞ்சீங்க? அதுக்கு எவ்வளவு செலவாச்சு?' இப்படிக் கேட்டால் வேறு உலகம் திறக்கும். உங்கள் கருவி என்ன காட்டினாலும் கொள்முதல் நிலையத்தில் அவர்கள் கருவி காட்டும் அளவுதான் செல்லும். விவசாயிக்குத் தேவை ஈரத்தை அளப்பதைவிட ஈரத்தைக் குறைப்பதாக இருக்கலாம்: காய வைக்க இடம், தார்ப்பாய், கிளறிவிட ஆள். தனியார் வியாபாரியிடம் விற்கிறவருக்கு அளவு தெரிந்தால் பேரம் பேச உதவலாம், அப்படியானால் வாடிக்கையாளர் வேறு, விலை வேறு. எது சரி என்று ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை. களத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வரும்படி மாணவரை அனுப்பும் அளவுக்குக் கேள்விகள் அவரிடம் இருந்தால் போதும்.

இந்தப் பயிற்சியில் சட்டென்று புரிய வைக்கும் ஒரு கருவி இருக்கிறது, போனில் உள்ள ஸ்டாப்வாட்ச். மாணவராக நடிக்கும் ஆசிரியர் எவ்வளவு நேரம் பேசினார் என்று கவனிப்பவர் அளக்கட்டும். பத்து நிமிட உரையாடலில் தான் ஏழு நிமிடம் பேசியிருக்கிறோம் என்று தெரியும்போது பலர் உண்மையிலேயே திகைப்பார்கள்.

தியரி வேண்டாமா?

வேண்டும், ஆனால் கொஞ்சம்தான், அனுபவத்துக்குப் பிறகுதான். ஒன்றை மட்டும் எடுக்கச் சொன்னால் நான் தொழில்முனைவு ஆய்வாளர் சரஸ் சரஸ்வதியை எடுப்பேன். தேர்ந்த தொழில்முனைவோர் 27 பேர் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2001-ல் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இது: அவர்கள் இலக்கை முடிவு செய்துவிட்டு வளங்களைத் தேடிப் போவதில்லை. நான் யார், எனக்கு என்ன தெரியும், யாரைத் தெரியும் என்று கையில் இருப்பதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், எவ்வளவு லாபம் வரும் என்பதைவிட எவ்வளவு போனால் தாங்கும் என்று பார்க்கிறார்கள். கடலூரில் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு குடும்பத் தொழிலை விட்டு வெளியே வந்து சிக் ஷாம்புவை ஆரம்பித்ததை இதோடு வைத்துப் பாருங்கள். அவருக்கு ஷாம்பு தெரியும், சாஷே என்ற சிறு பாக்கெட் தெரியும், அப்பாவின் தொழிலில் பார்த்து வளர்ந்தது. கையில் இருந்தது அதுதான், அங்கிருந்து ஆரம்பித்தார்.

பொறியியல் ஆசிரியர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமாக இருக்கும், ஏனென்றால் அவர்கள் படித்ததெல்லாம் முதலில் ஸ்பெசிஃபிகேஷன், பிறகு டிசைன். அந்தச் சங்கடத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச விடுங்கள். நம் மாணவர்களுக்கு இந்தச் சிந்தனை ஏன் பொருந்துகிறது என்றால், பாதிப் பேருடைய வீட்டில் ஏற்கெனவே தொழில் நடக்கிறது. தையல் மிஷின், டிபன் கடை, ஆட்டோ, பவர்லூம், ஆடு மாடு. 'ஸ்டார்ட்அப்' என்ற வார்த்தை வகுப்புக்குள் வந்ததும் அதையெல்லாம் மறைத்துவிட்டு ட்ரோன், ஏஐ என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். இட்லிக் கடை நடத்தும் அம்மா தினமும் எவ்வளவு மாவு ஊற வைப்பது என்று முடிவெடுப்பது அசல் தொழில்முனைவு முடிவு என்று ஆசிரியர் மனதார நம்பிச் சொன்னால் அந்த மாணவர் நிமிர்ந்து உட்காருவார். ஒன்று மட்டும் கவனம்: எல்லோர் முன்னாலும் 'உங்க வீட்டுல என்ன பண்றாங்க?' என்று கேட்க வேண்டாம். எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், விருப்பம் இருந்தால் அவர்களே பேசட்டும்.

கணக்கு

பிசினஸ் மாடல் கேன்வாஸ் என்ற ஒரு பக்கத் தொழில் திட்டப் படிவத்தை நிரப்புவதற்கு முன் ஒரு பாக்கெட் மாவின் கணக்கைப் போட வையுங்கள். கீழே இருப்பது கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கிலோ இட்லி மாவைக் கடைக்கு 40 ரூபாய்க்குக் கொடுக்கிறோம். அரிசி, உளுந்து 22, கவர் 2, கரண்டும் கூலியும் 6, கொண்டுபோய்க் கொடுக்க 3, ஆக 33. பாக்கெட்டுக்கு 7 ரூபாய், நூறு பாக்கெட்டுக்கு 700 ரூபாய் லாபம் என்று எல்லோரும் சொல்வார்கள். இப்போது, விற்காமல் புளித்த பாக்கெட்டைக் கடைக்காரர் திருப்பிக் கொடுப்பார் என்பதைச் சேருங்கள். நூற்றில் 15 திரும்பினால் வரவு 3,400, செலவு 3,300, மிச்சம் வெறும் 100. 18 திரும்பினால் 20 ரூபாய் நஷ்டம். மூன்றே பாக்கெட் வித்தியாசம். இதைத் தாங்களே போட்டுப் பார்த்த ஆசிரியர் அதன் பிறகு மாணவர் அறிக்கையில் 'லாபம் 20 சதவீதம்' என்ற வரியைப் பார்த்துச் சும்மா டிக் அடிக்க மாட்டார். ரிட்டர்ன் எவ்வளவு, கடன் எத்தனை நாள் என்று கேட்பார்.

கடன் என்றதும் தொழில் நடத்துகிறவர்களைக் கூப்பிடும் விஷயம் வருகிறது. அவர்களை மேடை ஏற்றி வெற்றிக் கதை சொல்ல வைக்காதீர்கள். கோவை என்றால் சிறுதொழில் சங்கமான கொடிசியாவின் உறுப்பினர் ஒருவர், திருப்பூர் என்றால் ஜாப் ஒர்க் எடுக்கும் ஒருவர், உங்கள் ஊர்த் தொழிற்பேட்டையில் லேத் வைத்திருக்கும் ஒருவர், பெரிய ஆளாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நான்கு ஆசிரியர்களோடு ஒரு மேசையில் உட்கார வையுங்கள். அவர் தன் பில் புத்தகத்தைக் கொண்டுவரட்டும், வாடிக்கையாளர் பெயரை மறைத்துக்கொள்ளலாம். சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளுக்குள் தந்தாக வேண்டும் என்று 2006-ம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டம் சொல்கிறது, புகார் கொடுக்க இணையதளமே இருக்கிறது. அப்படியும் ஏன் அவர் புகார் கொடுக்காமல் காத்திருக்கிறார் என்று கேளுங்கள். அடுத்த ஆர்டர் போய்விடும் என்பார். நடைமுறை மூலதனம் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும் அத்தியாயம் அந்த ஒரு பதிலில் உயிர் பெறும். இன்னும் மூன்று கேள்விகள்: முதல் வாடிக்கையாளர் எப்படிக் கிடைத்தார், சம்பளம் போடப் பணம் இல்லாத மாதம் என்ன செய்தீர்கள், எதைச் செய்வதை நிறுத்தினீர்கள்.

மதிப்பெண்

பயிற்சி முடிந்து ஊருக்குப் போன ஆசிரியர் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். பல்கலைக்கழகத் தேர்வை அவரால் மாற்ற முடியாது. ஆனால் கல்லூரியே போடும் இன்டர்னல் மதிப்பெண் அவர் கையில் இருக்கிறது, அதில் நிறையச் செய்யலாம்.

மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பதிவேடு வைக்கட்டும். யாரிடம் பேசினேன், எங்கே, அவர் சொன்ன வார்த்தை அப்படியே என்ன, நான் முன்பு என்ன நினைத்தேன், இப்போது என்ன நினைக்கிறேன். மதிப்பெண் அதற்குத்தான். யோசனை நன்றாக இருக்கிறதா என்பதற்கு மதிப்பெண் வேண்டாம், பிட்ச் பேசும் ஆங்கிலத்துக்கு நிச்சயமாக வேண்டாம். தமிழில் பதிவேடு எழுதினால் ஏற்றுக்கொள்ளுங்கள், வாடிக்கையாளர் பேசியது தமிழில்தானே. பதினைந்து பேரிடம் பேசிவிட்டு, 'இதை யாரும் வாங்க மாட்டார்கள், காரணம் இது' என்று ஆதாரத்தோடு யோசனையைக் கைவிட்ட அணிக்கு முழு மதிப்பெண் கொடுக்கத் துணிய வேண்டும். இந்த ஒரு முடிவை வகுப்பின் முதல் நாளே அறிவித்தால் மாணவர்கள் பொய்த் தரவு தயாரிப்பது பெருமளவு நின்றுவிடும், ஏனென்றால் பொய் சொல்ல அவசியமே இருக்காது.

இதைப் பயிற்சியிலேயே பழக வேண்டும். ஒரே பதிவேட்டை ஐந்து ஆசிரியர்களிடம் கொடுத்துத் தனித்தனியாக மதிப்பெண் போடச் சொல்லுங்கள். ஒருவர் 9, இன்னொருவர் 4 போடுவார்கள். ஏன் என்று அவர்கள் வாதாடும் அரை மணி நேரத்தில், அச்சடித்த எந்த ரூப்ரிக்கும் (மதிப்பீட்டு அட்டவணை) தராத தெளிவு வரும்.

மாணவரின் நிலைமை

பயிற்சியில் பெரும்பாலும் விடுபடுவது இது. நம் மாணவர்களில் கணிசமானவர்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். கல்விக் கடன் இருக்கிறது, தங்கை படிக்க வேண்டியிருக்கிறது. அவர்களிடம் 'ரிஸ்க் எடு' என்று மேடையில் முழங்குவது நியாயமில்லை. பிளேஸ்மென்ட்டை விட்டுவிட்டு வா என்று எந்த ஆசிரியரும் சொல்லக் கூடாது என்பதைப் பயிற்சியில் தெளிவாகவே பேசுங்கள். வேலையில் சேர்ந்து மூன்று வருடம் ஒரு துறையைக் கற்றுக்கொண்டு பிறகு ஆரம்பிப்பதும் நல்ல வழிதான். எவ்வளவு போனால் உன் வீடு தாங்கும் என்று மாணவரோடு உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்தான் நல்ல ஆசிரியர்.

மாணவிகள் விஷயமும் அப்படித்தான். 'மாலையில் சந்தைக்குப் போய் இருபது பேரிடம் பேசி வா' என்ற வீட்டுப்பாடம் ஹாஸ்டல் மாணவிக்கும், ஐந்து மணி காலேஜ் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய மாணவிக்கும் நடக்காது. வகுப்பு நேரத்திலேயே, இரண்டு இரண்டு பேராக, பகலில் போகும்படி வேலையை வடிவமைக்க வேண்டும்.

அதற்கு முதல்வர் உதவி தேவை. அதனால் பயிற்சியின் ஒரு பாதி நாளுக்கு முதல்வர்களையும் கூப்பிட்டு, எழுத்தில் மூன்று விஷயங்களை வாங்குங்கள்: பாட நேரத்தில் மாணவர் வெளியே போக கேட் பாஸும் ஆன் டூட்டி அனுமதியும், இந்தப் பாடத்தைக் குறைந்தது மூன்று வருடம் அதே ஆசிரியர் எடுப்பார் என்ற உறுதி, சிறு செலவுகளுக்குக் கொஞ்சம் முன்பணம். 2019-ல் வந்த தேசியப் புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கை ஆசிரியர்கள் தொழில் தொடங்கவே இடம் கொடுக்கிறது, அதைக் கல்லூரியில் ஏற்றுக்கொண்டார்களா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். 2018-லிருந்து ஐஐசி வந்த பிறகு நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. ஆனால் போட்டோவும் ரிப்போர்ட்டும் ஏற்றுவதிலேயே ஒருங்கிணைப்பாளரின் நேரம் போய்விட்டால் மாணவரோடு உட்கார நேரம் எங்கே? அந்த வேலைக்கு ஒரு உதவியாளரைக் கேளுங்கள்.

மாணவர் அணி ஒன்று உண்மையிலேயே விற்க ஆரம்பித்துவிட்டால் எங்கே அனுப்புவது என்பதும் ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். உதயம் பதிவு இணையத்தில் இலவசம், இதற்குக் காசு கேட்கும் இடைத்தரகரிடம் போக வேண்டாம். மாவட்டத் தொழில் மையம், சென்னை கிண்டிப் பக்கம் உள்ள தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம், மாநில அரசின் ஸ்டார்ட்அப் டிஎன், புதுத் தொழில்களை வளர்த்துவிடும் மையங்களான டிரெக்-ஸ்டெப் (திருச்சியில் 1986-லிருந்து இருப்பது), கோவை பிஎஸ்ஜி-ஸ்டெப் என்று உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருப்பதில் ஒன்றுக்குப் பயிற்சியின்போதே நேரில் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு அலுவலரின் முகம் தெரிந்தால் பிறகு போன் செய்யத் தயக்கம் இருக்காது. திட்டங்களின் பட்டியலை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம், அவை மாறிக்கொண்டே இருக்கும்.

பயிற்சி பலித்ததா என்று எப்படித் தெரியும்

கடைசி நாள் கருத்துப் படிவத்தில் எல்லோரும் 'மிகச் சிறப்பு' என்றுதான் எழுதுவார்கள், அதை ஒதுக்கி வையுங்கள். அடுத்த செமஸ்டர் நடுவில் ஒரு நாள் அவர் வகுப்புக்குப் போய் உட்காருங்கள், அல்லது இன்னொரு கல்லூரியின் பங்கேற்பாளரை அனுப்புங்கள். நான்கு விஷயம் பார்த்தால் போதும். ஐம்பது நிமிடத்தில் ஆசிரியர் பேசியது எத்தனை நிமிடம்? மாணவர்களில் எத்தனை பேர் வளாகத்துக்கு வெளியே ஒருவரிடமாவது பேசியிருக்கிறார்கள்? எந்த அணியாவது யோசனையை மாற்றியிருக்கிறதா, எதைக் கேட்டு மாற்றியது? இன்டர்னல் கேள்வித்தாளில் ஒரு கேள்வியாவது புதிதாக வந்திருக்கிறதா?

வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிக்கத்தான் போகிறீர்கள், அதற்கு ஒரு விதி வையுங்கள்: பண்டிகை வாழ்த்தும் ஃபார்வர்டும் வேண்டாம், வாரம் ஒருவர் தன் வகுப்பில் சொதப்பிய ஒரு விஷயத்தை எழுத வேண்டும், மற்றவர்கள் யோசனை சொல்வதற்கு முன் குறைந்தது இரண்டு கேள்வியாவது கேட்க வேண்டும். செமஸ்டர் முடிவில் ஒரு சனிக்கிழமை மீண்டும் கூடும்போது ஒவ்வொரு ஜோடி ஆசிரியரும் தங்கள் மாணவர் பதிவேடு ஒன்றைக் கையோடு கொண்டுவரட்டும். சான்றிதழை அன்றைக்குக் கொடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.